பள்ளிக்குள் ஆயுதத்தோடு ஒருவர் வந்தால்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

குடிமைத் தற்காப்புப் படையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடவடிக்கை மேலாளராக 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கேட் சாவியிலிருந்து கழிவறைக் குழாய்வரை என் பொறுப்பு. அவசரகாலப் பயிற்சிகளும் அதில் அடக்கம். ஆயுதத்தோடு வருகிறவரிடமிருந்து பெரிய பள்ளிகளை எப்படிக் காப்பது என்று பலரும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா: ஐயா, நம் ஊரில் துப்பாக்கியே கிடையாதே. தொடக்கநிலை 2 படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த ஒளிந்துகொள்ளும் பயிற்சி? அன்றைக்கு இரவு என் மகள் தூங்கவே இல்லை.

துப்பாக்கி இல்லை என்பது பெரிய காப்புதான் அம்மா. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆனால் ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டுமில்லை. ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் இக்கேடா தொடக்கப்பள்ளியில் 2001 ஜூன் 8 அன்று ஒருவன் சமையல் கத்தியோடு பூட்டாத கேட் வழியாக உள்ளே நடந்துபோனான். எட்டுப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். நம் ஊரில் 2021 ஜூலை 19 அன்று ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இணையத்தில் வாங்கிய கோடரியால் 16 வயது மாணவன் ஒருவன் 13 வயதுப் பிள்ளையைக் கொன்றான்.

பயிற்சி வேண்டும், ஆனால் பயமுறுத்த வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளிடம் "ஆசிரியர் சொன்னதும் சத்தம் போடாமல் மூலையில் உட்கார வேண்டும்" என்று சொன்னாலே போதும். யாரோ கத்தியோடு வருவதாக நடித்துக் காட்டுவது அந்த வயதுக்கு ஆகாது. உங்கள் பள்ளியில் அப்படிச் செய்திருந்தால் வகுப்பாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் கேளுங்கள். இன்றைக்கு மகளிடம், "இது தீயணைப்புப் பயிற்சி மாதிரிதான், கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள்.

தெம்பனிஸிலிருந்து ஓர் அப்பா: விமான நிலையத்தில் இருப்பதுபோல உலோகச் சோதனைக் கருவியைக் கேட்டில் வைத்துவிட்டால் என்ன? செலவுக்குப் பயமா?

செலவு ஒருபக்கம் இருக்கட்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,500 பிள்ளைகள். ஆளுக்குப் பத்தே விநாடி என்று வைத்தாலும் 15,000 விநாடி, அதாவது நான்கு மணி நேரத்துக்கும் மேல். நான்கு வரிசை போட்டாலும் ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீர்ப் போத்தல், கணிதப் பெட்டியில் காம்பஸ், குடைக் கம்பி என்று எதைப் பார்த்தாலும் கருவி கத்தும். இதற்கிடையே ஏழரை மணிக்குள் வர வேண்டிய அத்தனை பிள்ளைகளும் வேலிக்கு வெளியே நடைபாதையில் கூட்டமாக நிற்பார்கள். உள்ளே பாதுகாப்பு தேடப்போய் வெளியே ஆபத்தைச் சேர்த்துவைத்ததுதான் மிச்சம்.

இதைவிடக் கனமான காரணம் ஒன்று இருக்கிறது. கேட் என்பது வெளியாளை நிறுத்துவதற்கு. ரிவர் வேலியில் அந்த மாணவன் வெளியாள் இல்லை. அதே பள்ளியில் படித்தவன். அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் 1999இல் சுட்ட இருவரும் அங்கேயே படித்தவர்கள். பெரிய பள்ளியின் சிக்கலே இதுதான். ஆயிரம் முகம் உள்ளே போகும், ஆயிரம் முகம் வெளியே வரும், எல்லாரையும் அறிந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். அதற்காக வேலியும் கேமராவும் வீண் என்று சொல்லவில்லை. இக்கேடாவில் கேட் பூட்டியிருந்தால் அந்த எட்டுப் பேரில் சிலராவது பிழைத்திருக்கலாம். ஆனால் அவற்றின் வேலை சில நிமிடங்களைச் சம்பாதித்துத் தருவது மட்டுமே. அந்த நிமிடங்களில் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

ஒரு பள்ளிக் காவலர்: அண்ணே, காலையில் பெரிய கேட்டைச் சமாளித்துவிடுவேன். மதியத்துக்கு மேல் இணைப்பாட நடவடிக்கைப் பயிற்றுநர், கேன்டீனுக்குச் சாமான் கொண்டுவருகிறவர், பெற்றோர் தொண்டூழியர் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாரையும் நிறுத்தினால் திட்டுகிறார்கள்.

நிறுத்துங்கள் தம்பி, திட்டட்டும். நான் அந்த வேலையில் இருந்தபோது எனக்கு அதிகக் கவலை தந்தது மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரைதான். ஃபுளோரிடாவில் பார்க்லேண்ட் ஊர்ப் பள்ளியில் 2018 பிப்ரவரி 14 அன்று நடந்ததும் பிற்பகலில் பிள்ளைகளை வெளியே விடுவதற்காகக் கேட்டைத் திறந்துவைத்த நேரத்தில்தான். உள்ளே நடந்து வந்தவனைப் பள்ளி ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டார், பழைய பிரச்சினைக்கார மாணவன் என்று அடையாளமும் கண்டுகொண்டார். ஆனால் எச்சரிக்கைக் குரல் கொடுக்கவில்லை. 17 பேர் இறந்தார்கள்.

ஆகவே சந்தேகம் வந்தால் யாரிடமும் உத்தரவு கேட்காமல் எச்சரிக்கை கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்று முதல்வரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். தவறான எச்சரிக்கைக்காக உங்களை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் கேட்டில் பேரப்பிள்ளைக்காக நிற்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அது நல்ல மனசுதான், ஆனால் அந்த இடத்தில் வேண்டாம்.

ஒரு தமிழாசிரியை: சார், எங்கள் வகுப்பறைக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, தாழ்வாரப் பக்கம் முழுக்கக் கண்ணாடிப் பட்டைச் சன்னல். இதில் 38 பிள்ளைகளை எங்கே ஒளித்துவைப்பது?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன். நம் பள்ளிகள் வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஏற்றபடி கட்டப்பட்டவை. திறந்த தாழ்வாரம், நடுவில் அணிவகுப்புச் சதுக்கம், நான்கு மாடியிலிருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். படிக்க நல்ல கட்டடம், ஒளிய மோசமான கட்டடம்.

முதலில் பூட்டைப் பாருங்கள். கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 2012இல் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அங்கே வகுப்பறைக் கதவைப் பூட்ட வேண்டுமென்றால் ஆசிரியர் தாழ்வாரத்துக்கு வந்து சாவி போட வேண்டும். அதை ஆராய்ந்த மாநில ஆணையம் முக்கியமாகச் சொன்னது, எல்லா வகுப்பறையும் உள்ளேயிருந்து பூட்டும்படி இருக்க வேண்டும் என்பதுதான். பத்தாண்டு கழித்து 2022இல் டெக்சஸில் யுவால்டி பள்ளியிலும் கதவு காலை வாரியது. தாக்கியவன் நுழைந்த வகுப்பறையின் கதவு சரியாகப் பூட்டாது என்பது பள்ளியில் பலருக்கு முன்பே தெரியும். யாரும் பழுதுபார்க்கவில்லை. 19 பிள்ளைகள், 2 ஆசிரியைகள்.

நாளை வகுப்புக்குப் போனதும் இரண்டு கதவையும் உள்ளேயிருந்து சாத்திப் பாருங்கள். பின்கதவுத் தாழ் துருப்பிடித்து நகராமல் இருக்கும், எங்கள் பள்ளியில் அப்படித்தான் இருந்தது. அன்றே பழுதுபார்க்கச் சொல்லி எழுதுங்கள், ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் மறுபடியும் எழுதுங்கள். பிறகு தாழ்வாரத்தில் நின்று, சன்னல் வழியாக எந்த மூலை கண்ணில் படவில்லை என்று பாருங்கள். பொதுவாகச் சன்னலுக்குக் கீழே உள்ள சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. 38 பேரும் அங்கே அடங்குகிறார்களா என்று ஒருநாள் உட்காரவைத்துப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் மேசைகளை எப்படி நகர்த்துவது என்று பிள்ளைகளையே கேளுங்கள், அவர்கள் நல்ல யோசனை சொல்வார்கள். விளக்கு, மின்விசிறி, கைப்பேசி மூன்றையும் அணைக்க ஆளுக்கொரு பிள்ளையை நியமித்துவிடுங்கள்.

இன்னொன்று. பூட்டிக்கொள்வது ஒரு வழிதான். 2016இல் எஸ்ஜிசெக்யூர் என்ற பயங்கரவாத எதிர்ப்புத் தேசிய இயக்கம் தொடங்கியபோதிலிருந்து நமக்குச் சொல்லித்தருவது ஓடு, ஒளி, சொல் என்ற வரிசை. ஆபத்து எதிர்ப் படிக்கட்டில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் ஓடுவதுதான் முதலில். ஒளிந்திருக்கும்போது காவல்துறையின் 999க்குப் பேச முடியவில்லை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

அதே ஆசிரியை: பூட்டிக்கொண்டு இருக்கும்போது தீ மணி அடித்தால்?

பார்க்லேண்டில் அதுதான் நடந்தது. துப்பாக்கிச் சூட்டால் தீ எச்சரிக்கை ஒலித்தது, மூன்றாம் மாடிப் பிள்ளைகள் வழக்கம்போலத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். தீ மணி "வெளியே வா" என்கிறது, ஆயுத எச்சரிக்கை "உள்ளே இரு" என்கிறது. இரண்டுக்கும் ஒரே மணியை வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் மனிதக் குரலில் தெளிவாகச் சொல்வது நல்லது. பூட்டிய நிலையில் தீ மணி கேட்டால், புகையோ வெப்பமோ தெரிகிறதா என்று பார்த்த பிறகே கதவைத் திறங்கள்.

பிடோக்கிலிருந்து ஒரு தாத்தா: ஒவ்வொரு பள்ளியிலும் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரரை நிறுத்திவைத்தால் இந்தக் கவலையே வேண்டாமே.

பார்க்லேண்டில் துப்பாக்கியோடு காவல் அதிகாரி ஒருவர் பள்ளியிலேயே பணியில் இருந்தார் ஐயா. சுடும் சத்தம் கேட்டும் அவர் கட்டடத்துக்குள் போகவில்லை. யுவால்டியில் மொத்தம் 376 அதிகாரிகள் வந்தும் தாக்கியவனை எதிர்கொள்ள 77 நிமிடம் ஆனது. நம் காவல்துறை 2016இலிருந்து விரைவாகச் சென்று சேரும் அவசரகால நடவடிக்கைக் குழுக்களை வைத்திருக்கிறது, எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை உண்டு. பள்ளிக்குள் நிரந்தரமாக ஒரு துப்பாக்கியை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உயர்நிலை 3 மாணவர் ஒருவர்: அங்கிள், என் நண்பன் ஒருவன் கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை. நோட்டில் கத்தியும் ரத்தமுமாக வரைகிறான். "ஒருநாள் எல்லாரும் பார்ப்பீர்கள்" என்கிறான். சொன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவேனோ?

இல்லை தம்பி. அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. பத்தில் எட்டுச் சம்பவங்களில், தாக்கியவனின் எண்ணம் முன்கூட்டியே ஒருவருக்காவது தெரிந்திருந்தது. பெரும்பாலும் நண்பர்களுக்கு. உங்களைப் போலத்தான் அவர்களும் யோசித்திருப்பார்கள்.

உங்கள் நண்பன் யாரையும் தாக்கப்போகிறான் என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாத வேதனையில் இருக்கலாம், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கலாம். எதுவானாலும் 15 வயதில் நீங்கள் தனியாகச் சுமக்கக்கூடிய விஷயம் இல்லை இது. பள்ளி ஆலோசகரிடமோ, உங்களுக்கு மனசு ஒட்டுகிற ஓர் ஆசிரியரிடமோ சொல்லுங்கள். நோட்டில் பார்த்ததையும் அவன் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னால் போதும், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். அவனோடு பேசுவதையும் நிறுத்திவிடாதீர்கள், இடைவேளையில் பக்கத்தில் உட்காருங்கள். இரவில் அவன் உயிரை விடுவதாகப் பேசினால் 1767 எண்ணில் எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 24 மணி நேரமும் எடுக்கும். ஆயுதம் எதையாவது கண்ணால் பார்த்தால் நேரே 999.

இதைப் படித்ததும் அம்மாவிடமோ அப்பாவிடமோ இன்று இரவே சொல்லிவிடுங்கள். நாளைக் காலைக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம்.