ரயில் ரூட் கட்ட மேப் வாங்கலாமா? – கேள்வி பதில்

கணினியில் ரயில் ஓட்டுகிறவர்களின் கடிதங்கள் இரண்டு மாதமாகச் சேர்ந்து கிடக்கின்றன. நிஜப் பாதை ஒன்றை அப்படியே சிமுலேட்டருக்குள் கட்ட வேண்டும், அதற்கு விவரமான மேப் எங்கே, என்ன விலை என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செங்கோட்டை–புனலூர் பாதையை மீட்டர் கேஜ் காலத்தில் இருந்தபடி ஓப்பன் ரயில்ஸ் சிமுலேட்டரில் கட்டுகிறேன். பெரிய சைஸ் இந்திய ரயில்வே சுவர் மேப் 1,600 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (தென்காசி வாசகர்)

வேண்டாம். நான் வாங்கி ஏமாந்தவன். லேமினேஷன் செய்து, மேலும் கீழும் மரக்கட்டை வைத்து, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர். உங்கள் பாதை 49 கிலோமீட்டர். மொத்த மலையும் பதின்மூன்று கண் பாலமும் குகைகளும் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இப்போது அது என் வீட்டு மின்சாரப் பெட்டியை மறைக்கிறது.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 மேப்பைப் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கலாம். அதில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர், அதனால் உங்கள் பாதை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு விரியும். மீட்டர் கேஜை 2010-ல் மூடி, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். ஆகவே இப்போதைய சாட்டிலைட் படத்தை நம்பி ஸ்டேஷன் கட்டாதீர்கள். கூகுள் எர்த் ப்ரோவில் பழைய வருஷப் படங்களுக்குப் போகும் வசதி இருக்கிறது, அதில் தேடுங்கள். அமெரிக்க ராணுவம் 1950-களில் போட்ட 1:250,000 மேப்புகள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் சும்மா கிடைக்கின்றன. 1964 புயலில் போன தனுஷ்கோடி லைனைக் கட்ட நினைக்கிறவர்களும் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

கூகுள் மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டினால் போதாதா?

போதாது. ரயில் பாதைகளைத் தனியாகக் காட்டும் ஓப்பன்ரயில்வேமேப் தளத்தைப் பாருங்கள், காசு வேண்டாம்.

சமித் ராய்சௌத்ரியின் இந்திய ரயில்வே அட்லஸ் இந்த வேலைக்கு உதவுமா?

எந்த லைன் இரட்டை, எது மின்மயம், எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எது என்பதற்கு அருமை. தண்டவாளம் போட உதவாது. ரயில் பிடிக்கும் என்றால் வாங்கி வைத்துப் படியுங்கள்.

தண்டவாளம் போட்டுவிட்டேன். மலையில் ரயில் மாட்டுவண்டி மாதிரி ஏறி இறங்குகிறது. காசு கொடுத்து இன்னும் துல்லியமான உயரத் தரவு வாங்கட்டுமா? (கோவை)

இதைக் கேட்டாலே எனக்குப் பொறுக்காது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நீங்கள் வைத்திருப்பது 2000-ல் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவாக இருக்கும். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. காடு இருந்தால் தரையை விட்டுவிட்டு மரத்தின் தலையைத் தொட்டுக் கணக்கெடுத்திருக்கும். இதைவிட நல்ல தரவை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினாலும் குகைக்குள் தண்டவாளம் எந்த உயரத்தில் போகிறது என்று அது சொல்லாது, ஏனென்றால் ரயில் பாதை மலையின் மேல் அப்படியே படுத்துக் கிடப்பதில்லை, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி மனிதன் போட்ட சரிவு அது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர், நடுவில் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் அந்த ரயிலுக்குத் தேவை மலையின் உயரம் அல்ல, தண்டவாளத்தின் சரிவு.

அந்தச் சரிவு வொர்க்கிங் டைம் டேபிளில் இருக்கிறது. பயணிகள் வாங்கும் கால அட்டவணை வேறு, இது ஓட்டுநருக்கும் கார்டுக்கும் ஆனது. ஸ்டேஷன் இடைத்தூரம், வேகக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும். பல ரயில்வே மண்டலங்களின் தளங்களில் பிடிஎஃப் ஆகவே போட்டிருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் இன்ஜினுக்குள்ளிருந்து எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். லைன் ஓரத்துச் சரிவுப் பலகையில் '100' என்று இருந்தால் 100-க்கு 1, அதாவது 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் அல்லது இறக்கம். மின்கம்பத்தில் 412/15 என்று எழுதியிருந்தால் 412-வது கிலோமீட்டரைத் தாண்டியதும் வரும் கம்பங்களில் ஒன்று அது. இரண்டு கம்பத்துக்கு நடுவே அதிகபட்சம் 72 மீட்டர்தான் என்பதால், பாலமோ கேட்டோ எங்கே வருகிறது என்று எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். காசு எதற்கு? கண்ணும் ஒரு நோட்டும் போதும்.

சார், வேறு சிமுலேட்டருக்கான ரூட் பேக்கைத் தெரியாமல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிவிட்டேன். என்னுடையதில் திறக்கவில்லை. ஒரு மாதம் ஆகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

தம்பி, 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டியிருந்தால் கேட்கலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. எந்த மென்பொருளுக்கு என்பதும் வாங்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மாதம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். அரட்டைக் குழு ஒன்றில் ஒருவர், 'தென்னக ரயில்வே அசல் யார்டு பிளான் முழுவதும்' (ஸ்டேஷன் தண்டவாள வரைபடங்கள்) என்று 4,500 ரூபாய் கேட்டார். யுபிஐயில் அனுப்பினேன். வந்த பென் டிரைவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படங்கள் மட்டுமே. இப்போது போனை எடுப்பதில்லை. பேரனுக்கு முன்னால் வெட்கமாக இருக்கிறது. (திருச்சி)

ஐயா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். அவர் போட்ட விளம்பரம், பேசிய செய்திகள், யுபிஐ பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். பென் டிரைவை அப்படியே வையுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பெயர் சொல்லி விற்பது தப்பில்லை. பெயரை மறைத்து 'அசல் ரயில்வே பிளான்' என்று சொன்னாரே, அதுதான் மோசடி.

மற்றவர்களுக்கு: இதே சரக்கைக் கடையிலோ விற்பனைத் தளத்திலோ வாங்கியிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. யார்டு பிளான் ரயில்வேயின் உள் ஆவணம். அரட்டைக் குழுவில் அதை விற்கிறவர் பொய் சொல்கிறார், இல்லை திருடியிருக்கிறார்.

லண்டனில் இருக்கிறேன். செட்டில்–கார்லைல் பாதை கட்டுகிறேன். இங்கே கிடைக்கும் டிராக் டயகிராம் புத்தகங்கள் காசுக்குத் தகுமா?

தகும். ரூட் கட்டும் வேலைக்கென்று இந்த வாரம் நான் 'வாங்குங்கள்' என்று சொல்லும் ஒரே பொருள். எந்த லூப் எங்கே பிரிகிறது, எந்த சைடிங் எதில் சேர்கிறது என்பதை வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. ஆனால் அவை அளவுக்கு வரைந்தவை அல்ல, வளைவும் இருக்காது. வளைவுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசு நில அளவை) மேப்புகள், உயரத்துக்கு இங்கிலாந்து அரசு வெளியிடும் லேசரால் மீட்டருக்கு ஒரு புள்ளி அளந்த லைடார் தரவு. இரண்டும் இலவசம்.

ஒன்று மட்டும் கவனம். பிரிட்டிஷ் ரயில்வேயில் தூரம் மைலும் செயினும். ஒரு மைலுக்கு 80 செயின். 12.75 என்று பார்த்தால் 12 மைல் 75 செயின், அதாவது கிட்டத்தட்ட 12.94 மைல். நான் அதைப் புள்ளிக் கணக்காகப் படித்துவிட்டு ஒவ்வொரு சிக்னலையும் கேபினையும் முன்னூறு மீட்டர் வரை தள்ளித் தள்ளி வைத்தேன். ஒரு ஸ்டேஷனில் பிளாட்பாரம் முடிந்த பிறகு ரயில் கிளம்ப அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் வயலுக்குள் நின்றது. ஆறு வாரம் கட்டியதைப் பிரிக்க நான்கு நாள் ஆயிற்று. புத்தகத்தின் முன்பக்கக் குறிப்பிலேயே அந்தக் கணக்கு எழுதியிருந்தது.