கோடியை அடைக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எனக்கு ஊர் பெரிய ஏரி உள்ள காவேரிப்பாக்கம். சென்ற தை மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, வேலூருக்குக் கொண்டுபோய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தோம். பிழைத்துக்கொண்டார். ஆனால், இரத்தம் திரும்பப் பாயும்போதே தசையில் கொஞ்சம் சேதம் நடக்கும் என்று மருத்துவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு துளை திறந்துகொள்வதால் செல் சாகிறது என்று பிறகு எங்கோ படித்தேன். ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால் மணல்மூட்டை போட்டு அடைக்கிறோம். அந்தத் துளையையும் மருந்து கொடுத்து அடைத்துவிட முடியாதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா தேறிவருவது அறிந்து மகிழ்ச்சி. அடைப்பை நீக்கியதே தவறோ என்ற கலக்கம் உங்களுக்கு இருப்பதுபோலத் தெரிவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீக்காமல் விட்டிருந்தால் இறந்திருக்கும் தசை இதைவிட அதிகம்.

உங்கள் ஏரி உவமை பாதி தூரம் சரியாகவே வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுதான் கரை. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சென்று சேரும் வழியில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் அந்தக் கரைக்கு அப்பால் ஏற்றித் தேக்கப்படுகின்றன. அவை ஒரு புரத மதகு வழியாக இறங்கும்போது, செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. இதைச் சொன்ன பீட்டர் மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ 180 மில்லிவோல்ட். கேட்பதற்குச் சிறிய எண்தான், ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 6 நானோமீட்டர் என்பதால் ஒரு மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்ற அளவுக்கு மின்புலம் அங்கே நிற்கிறது.

உட்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் நேர்மின் அயனியான கால்சியம் உள்ளே ஈர்க்கப்படுகிறது. அது நுழையும் அயனிக் கால்வாயின் புரதம் இன்னது என்பதை 2011இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. இந்தக் கால்சியம் இயல்பில் பகையன்று. இதயம் வேகமாகத் துடிக்கும்போது, கூடுதல் ஏடிபி தேவை என்ற செய்தியை மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொண்டுபோவதே அதுதான்.

இரத்தம் நின்றதும் செல்லில் அமிலம் சேர்கிறது. அமிலத்தை வெளியேற்றச் சோடியம் உள்ளே வருகிறது, சோடியத்தை வெளியேற்றக் கால்சியம் உள்ளே வருகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். ஆனால் நீங்கள் படித்த அந்தப் பெருந்துளை அப்போது திறப்பதில்லை, ஏனென்றால் அமிலமே அதை மூடி வைத்திருக்கிறது. இரத்தம் திரும்பிய சில நிமிடங்களில் அமிலம் கழுவப்படுகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, காத்திருந்த கால்சியம் உள்ளே பாய்கிறது, திடீரென வந்த ஆக்சிஜனிலிருந்து வீரியமிக்க மூலக்கூறுகள் பெருகுகின்றன. துளை திறப்பது அப்போதுதான். 1,500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை எடையுள்ள எதுவும் அதன் வழியே போய்வரலாம் என்பதால், தேக்கம் வடிந்துவிடுகிறது. நீர் உள்ளே புகுந்து உட்பகுதி உப்புகிறது. மடிப்புகளுடைய உட்சவ்வு விரிந்துகொடுக்கிறது, மடிப்பில்லாத வெளிச்சவ்வு கிழிகிறது. மருத்துவர் சொன்ன சேதத்தில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. (செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் சாவு வேறு, அதில் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் வெளிச்சவ்வில் துளையிட, சைட்டோகுரோம் சி கசிகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் கட்டுரைகள் இணையத்தில் ஏராளம்.)

இனி உங்கள் கேள்வி. இந்தப் பெருந்துளை 1970களின் இறுதியில் விவரிக்கப்பட்டது. எந்தப் புரதத்தால் ஆனது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் அது திறக்க உதவும் சைக்ளோஃபிலின் டி என்ற புரதம் தெரியும். 2005இல் அந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, இரத்தம் நின்று திரும்பியதால் இதயத்துக்கு ஏற்பட்ட சேதம் குறைந்தது. மணல்மூட்டை வேலை செய்கிறது என்றே தோன்றியது. பின்னர் அதே வகை எலிகளின் இதயத்துக்கு நீண்டகாலச் சுமை கொடுத்தபோது, அவை மற்ற எலிகளைவிட மோசமாகச் செயலிழந்தன. இயல்பான செல்லில் அந்தத் துளை கணநேரம் திறந்து மூடி, மிகுந்துபோன கால்சியத்தை வெளியேற்றுகிறது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஆகவே உங்கள் உவமையில் ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும். ஏரி நிரம்பினால் கோடி போகிறது என்று நம் பக்கத்தில் சொல்வோமே, இது உபரிநீர் வழியும் அந்தக் கோடி, உடைப்பு இல்லை. கோடியை மணல்மூட்டை வைத்து அடைத்த ஏரி என்னவாகும் என்று காவேரிப்பாக்கத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் அந்த ஆபத்தான சில நிமிடங்களுக்கு மட்டும் அடைத்தால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதையும் முயன்றார்கள். சைக்ளோஃபிலினைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை அடைப்பு நீக்கும் தருணத்தில் செலுத்தியபோது, 2008இல் 58 நோயாளிகளில் நல்ல பலன் தெரிந்தது. 2015இல் 970 பேரைச் சேர்த்துச் செய்த பெரிய சோதனையில் பலன் ஏதும் தெரியவில்லை. ஏன் என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு வலுவாகப் படுவது ஒன்று: துளை திறப்பது முதல் சில நிமிடங்களில், அதற்குள் மருந்து செல்லுக்குள் இருந்தாக வேண்டும், அதுவோ, அடைப்பு நீங்கிய பிறகே, இரத்தம் போகும் அதே குழாய் வழியாக அதனுடனேயே போய்ச் சேர்கிறது.