பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான கருவிகளும் கேட்டலாக்குகளும்: கேள்வி பதில்

கேள்வி: 1948ஆம் ஆண்டு எம்ஜி டிசி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மில்லிமீட்டர் ஸ்பேனரும் பொருந்தவில்லை, சாதாரண அங்குல ஸ்பேனரும் பொருந்தவில்லை. எந்த செட் வாங்க வேண்டும், ஐயா?

பதில்: உங்களுக்கு வேண்டியது, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் திருகு அளவுமுறைக்குரிய ஸ்பேனர் செட். அதில் 1/4 என்று பொறித்திருப்பது போல்ட்டுத் தண்டின் விட்டமே தவிர, ஸ்பேனர் வாயின் அகலம் அன்று. அந்த வாய் ஏறத்தாழ 13.3 மி.மீ. இருக்கும். ஆகவே 13 மி.மீ. ஸ்பேனர் உள்ளே நுழையாது, 14 மி.மீ. ஸ்பேனர் நுழையும், ஆனால் இறுகிய நட்டின் முனைகளை மழுக்கிவிட்டு நழுவும். ஸ்பேனரில் 1/4 டபிள்யூ (விட்வொர்த்), 5/16 பி.எஸ். (நெருக்கமான மரையுள்ள பிரிட்டிஷ் அளவு) என இரண்டு அளவுகள் சேர்ந்தே இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரே வாய் இரண்டுக்கும் பொருந்தும்.

ஆனால் உங்கள் காரின் எக்ஸ்பிஏஜி இன்ஜினில் வேறொரு சூழ்ச்சி இருக்கிறது. அதைத் தயாரித்த கவென்ட்ரி ஆலை முன்பு பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ்ஸுக்குச் சொந்தமாக இருந்ததால், போல்ட்டின் தலை விட்வொர்த் அளவிலும் மரை மெட்ரிக் அளவிலும் அமைந்துவிட்டன. அதிலும் 8 மி.மீ. போல்ட்டின் பிட்ச் (அடுத்தடுத்த இரு மரைகளுக்கிடையிலான தூரம்) 1 மி.மீ.; இன்று கடையில் பொதுவாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டின் பிட்ச் 1.25 மி.மீ. எனவே சேசிஸில் கழற்றியதையும் இன்ஜினில் கழற்றியதையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டுவிட்டு, இரண்டு மாலைப்பொழுதுகளைப் பிரித்தெடுப்பதிலேயே தொலைத்தேன்.

கேள்வி: நட் கையாலேயே சில சுற்றுகள் ஏறுகிறது, பிறகு இறுகிவிடுகிறது. மரையில் அழுக்கா, நட் தவறா?

பதில்: பெரும்பாலும் நட்தான் தவறு. விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 1948இல் ஏற்றுக்கொண்ட யூனிஃபைட் மரையின் கோணம் 60 பாகை. 1/4 அங்குலத்தில் பி.எஸ்.டபிள்யூ. (விட்வொர்த்), யு.என்.சி. (யூனிஃபைட் பருமரை) இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 மரைகள் என்பதால், ஒன்று மற்றொன்றில் ஏறுவது போலத் தோன்றி ஏமாற்றும். நுண்மரையில் 1/4 பி.எஸ்.எஃப்.புக்கு (பிரிட்டிஷ்) 26, யு.என்.எஃப்.புக்கு (யூனிஃபைட்) 28. பற்கள் வெட்டிய மரை அளவித் தகட்டைப் போல்ட்டின்மேல் வைத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பற்களுக்கிடையே ஒளிக்கீற்று தெரிந்தால் அந்தத் தகடு அதற்குரியதன்று. ஸ்பேனர் செட்டுக்கு முன்பே 55 பாகை, 60 பாகை, மெட்ரிக் என மூன்று தகட்டு செட்டுகளையும் வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: மேனுவலில் '18ஜி' என்று தொடங்கும் எண்ணுள்ள தனிக் கருவி ஒன்றைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதை எப்படித் தேடுவது?

பதில்: பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள். 18ஜி என்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனக் கார்களின் கருவி வரிசை. பிரிட்டிஷ் கார்களுக்கான இத்தகைய கருவிகளைச் சர்ச்சில் நிறுவனம் செய்து கொடுத்தது. எண் பெரும்பாலும் இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பட்டறையைக் காலி செய்து விற்பவருக்கு அது எந்தக் காருக்குரியது என்பதே தெரியாமல், வெறும் 'புல்லர்' (இழுத்துக் கழற்றும் கருவி) என்று எழுதி விற்பதும் உண்டு. பொறித்த எண் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். மரையும் தாடையும் தேயாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினின் கேம்ஷாஃப்ட் நேரத்தை (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை) சரிபார்க்கும் அளவி ஒரு சிறு தகடுதான். சரியான அளவு கிடைத்தால் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். சக்கர மையத்தை இழுத்துக் கழற்றும் ஹப் புல்லர் போல் பெருவிசையைத் தாங்க வேண்டியவற்றை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை தேவைப்படும் கருவியை உரிமையாளர் சங்கத்தில் இரவல் கேட்பதே முறை.

கேள்வி: பணிமனை மேனுவல் கையில் இருக்கும்போது உதிரிபாகக் கேட்டலாக் எதற்கு?

பதில்: மேனுவல் வேலை செய்யும் முறையைச் சொல்கிறது, உங்கள் காரில் எந்தப் பாகம் இருந்திருக்க வேண்டும் என்பதைக் கேட்டலாக்தான் சொல்கிறது. 'இந்த சேசிஸ் எண் வரை', 'இந்த எண்ணிலிருந்து' என்ற இரண்டு வரிகளுக்காகவே அதை வாங்கலாம், ஏனெனில் ஆலைகள் ஆண்டு முடியும்வரை காத்திருந்து பாகங்களை மாற்றவில்லை. பாகங்களைத் தனித்தனியே விரித்துக் காட்டும் வெடிப்புப் படங்களில் வாஷர்கள் எந்த வரிசையில் விழுகின்றன என்பதும் தெரியும். பிரித்து ஆறு மாதம் கழித்துப் பூட்டுகிறவருக்கு அது பெரிய உதவி. மறுபதிப்பு வாங்கினால் படங்களிலுள்ள எண்கள் வாசிக்கத் தெளிவாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; மைக்கறை படிந்து ஓரத்தில் பென்சில் குறிப்புகள் உள்ள பழைய பிரதி கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். இன்ஜின் மாற்றப்பட்டது என்ற ஐயம் இருந்தால், எம்ஜி, டிரையம்ஃப் கார்களுக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திலும், ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டிலும் ஆலைப் பதிவின்படி சான்றிதழ் பெறலாம்.

கேள்வி: ஸ்போக் வீலின் நடு நட்டை எந்தச் சுத்தியலால் அடிப்பது?

பதில்: செம்பு அல்லது ஈயத் தலையுள்ள சுத்தியலால் மட்டுமே, இரும்புச் சுத்தியல் குரோமியப் பூச்சை உடைத்துவிடும். காரின் இரு பக்கங்களிலும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும் என்பதால், ஓங்குவதற்கு முன் நட்டில் பொறித்துள்ள அம்புக்குறியைப் படித்துவிடுங்கள்.