கவாசாக்கியின் கூரை வீடுகள்: போகப்போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

தோக்கியோவை ஒட்டிய கவாசாக்கி நகரில் நிஹோன் மின்கா-என் என்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. ஜப்பானின் பல பகுதிகளிலிருந்து பழைய குடியானவர் வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, ஒரு குன்றுச் சரிவில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே அடிக்கடி போகிறவன் என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐந்து நாள் பயணமாக தோக்கியோ வருகிறோம். இதற்கு அரை நாள் ஒதுக்குவது தகுமா? எப்படிப் போவது?

கோயில், கோபுரம், கடைவீதி மட்டும் போதும் என்றால் விட்டுவிடுங்கள். சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க ஆசை இருந்தால் அரை நாள் தாராளமாகக் கொடுக்கலாம். ஷின்ஜுகுவிலிருந்து ஒடாக்யூ ரயிலில் முகோகாவோகா-யூயென் நிலையம். தெற்கு வாசல் வழியே வெளியே வந்து கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். ஒரு விஷயம் கவனியுங்கள்: அதிவேக எக்ஸ்பிரஸ் அதற்கு முந்தின நோபொரிதோவில்தான் நிற்கும், இங்கே நிற்காது. சாதாரண எக்ஸ்பிரஸ் நிற்கும். திங்கட்கிழமை விடுமுறை. குளிர்காலத்தில் அரை மணி முன்னதாகவே மூடிவிடுவார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் ஐந்நூறு யென்னும் கொஞ்சமும்.

கேள்வி: இருபத்தைந்து கட்டடங்கள் என்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்கணுமா அண்ணா?

வேண்டாம். எல்லாவற்றையும் பார்த்தவர்கள் கடைசியில் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ஐந்தாறு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் உட்காருங்கள். என் பட்டியல் இது.

முதலில் கிதாமுரா வீடு. கனகாவா மாநிலத்து ஹதானோவிலிருந்து வந்தது. 1687இல் கட்டியது என்று அதன் மரத்திலேயே மையால் எழுதியிருப்பதால் வயதில் சந்தேகமே கிடையாது. உள்ளே அடுப்பு இருக்கும் பெரிய அறையில் தரையைக் கூர்ந்து பாருங்கள். பலகை இல்லை, மூங்கில்களை வரிசையாக அடுக்கிக் கட்டிய தளம். காலில் உருளை உருளையாகத் தட்டும். இடுக்கு வழியே கீழிருந்து காற்று வரும். கோடையில் சுகம், ஜனவரியில் உட்கார்ந்து பார்த்தால்தான், பாய் விரித்து நெருப்பை ஏன் இப்படி நெருங்கி உட்கார்ந்தார்கள் என்பது உடம்புக்குப் புரியும்.

அப்புறம் குதோ வீடு. வடக்கே இவாத்தே மாநிலத்தது. கட்டடம் மடங்கி, மேலிருந்து பார்த்தால் 'ட' வடிவில் இருக்கும். முன்னால் நீண்டிருக்கும் பகுதி குதிரை லாயம். லாயத்துக்கும் வீட்டுக்கும் ஒரே கூரை, நடுவில் வாசல்கூட இல்லை. குதிரை வளர்த்து விற்ற பகுதி அது. பனி நாளில் வெளியே போகாமலே தீனி போடலாம், குதிரைக்குச் சீக்கு என்றால் அடுப்படியிலிருந்தே தெரிந்துவிடும்.

ஓதா வீடு இபராக்கியிலிருந்து வந்தது. குடியிருக்கும் பகுதிக்கு ஒரு கூரை, மண்தரைப் பகுதிக்கு இன்னொரு கூரை. இரண்டும் முட்டும் இடத்தில் மழைத்தண்ணீர் போக ஒரு பெரிய மரக்கால்வாய். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள், கால்வாய் வீட்டுக்குள்ளேயே ஓடும்.

கியோமியா வீட்டுக்கு ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் போனால் கூரை முகட்டில் பூ பூத்திருக்கும். முகட்டில் மண் போட்டு ஐரிஸ் செடி நட்டிருக்கிறார்கள். அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வேர் பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, மண் முகட்டுப் புல்லை அமுக்கிக்கொள்கிறது. கூரை ஒழுகத் தொடங்கும் இடமே முகடுதானே.

மலைப்பகுதி வீடுகள் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: இடம் மாற்றிக் கட்டியது என்றால் அசல் எங்கே? சினிமா செட் மாதிரிதானே?

நியாயமான சந்தேகம். பிரிக்கும்போது ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் எழுதி, அளந்து, வரைந்து, அதே இடத்தில் திரும்பப் பொருத்துகிறார்கள். தூண், விட்டம் எல்லாம் பெரும்பாலும் பழையவை. மண்சுவரும் கூரைப்புல்லும் புதியவை. ஆனால் அவை சொந்த ஊரில் இருந்தாலும் அவ்வப்போது மாற்றவேண்டியவைதான்.

தூண்களின் அடியைக் குனிந்து பாருங்கள். மக்கிப்போன பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, புது மரத்தைப் பல்லோடு பல் கோத்து ஒட்டுப்போட்டிருப்பார்கள். மேலே கறுத்த மரம், கீழே ஒரு முழத்துக்கு வெளுத்த மரம், நடுவில் படிக்கட்டு போலக் கோடு. நான் கூட்டிப்போகிறவர்களுக்கு முதலில் காட்டுவது இதைத்தான்.

இன்னொன்று. பிற்காலத்தில் சேர்த்த ஜன்னல், தடுப்பு போன்றவற்றை நீக்கி, வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால் கடைசியாக அங்கே குடியிருந்த குடும்பம் பார்த்த வீடு இது இல்லை. இந்த முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. முன்னூறு வருட வாழ்க்கையில் கடைசி நூறு வருடம் காணாமல் போய்விடுகிறது. ஆனால் இந்த முயற்சி இல்லாவிட்டால் வீடே மிஞ்சியிருக்காது. பொருளாதாரம் பறந்த காலத்தில் கூரை வீடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, கவாசாக்கியிலேயே இருந்த 'இதோ' என்ற குடும்பத்தின் வீட்டைக் காப்பாற்றக் கிளம்பிய முயற்சிதான் 1967இல் இந்த அருங்காட்சியகமாக முடிந்தது. அந்த வீடும் உள்ளேதான் இருக்கிறது.

கேள்வி: புல் கூரைக்குக் கீழே நெருப்பு எரிக்கிறார்களே, பயமில்லையா? வீடு முழுக்கப் புகை என்றும் கேள்விப்பட்டேன்.

புகைதான் அந்த வீடுகளின் காவல்காரன். புகைபோக்கி கிடையாது. தரையில் சதுரமாக வெட்டிய இரோரி என்ற அடுப்பு, அதிலிருந்து எழும் புகை நேரே கூரைக்குப் போய், புல்லின் ஊடாகக் கசிந்து வெளியேறும். போகிற வழியில் ஈரத்தை உலர்த்தும், பூச்சியை விரட்டும், மரத்திலும் கயிற்றிலும் கரி படிந்து அவற்றைக் கெட்டிப்படுத்தும். ஆள் இல்லாமல், அடுப்பு எரியாமல் கிடக்கும் கூரை சீக்கிரம் உளுத்துப்போகும். அதனால் இங்கே தன்னார்வலர்கள் முறைவைத்து, தினமும் சில வீடுகளில் நெருப்பு மூட்டுகிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கதை சொல்வார்கள். ஜப்பானிய மொழி அரைகுறையாக வந்தாலும் போதும், பேசிவிடலாம்.

அடுப்புக்கு மேலே சட்டம்போல ஒரு மரப்பலகை தொங்கும். பொறி மேலே போகாமல் தடுப்பதும் சூட்டைப் பக்கவாட்டில் பரப்புவதும் அதன் வேலை. கொதிகெண்டி தொங்கும் கொக்கியில் மீன் வடிவ மரக்கட்டை இருந்தால் பாருங்கள். கொக்கியை ஏற்றி இறக்கி நிறுத்தும் பிடி அது. தண்ணீரில் வாழ்வது என்பதால் தீ அண்டாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. யார் எங்கே உட்காரலாம் என்பதற்கும் சட்டதிட்டம் உண்டு: மண்தரையைப் பார்த்தபடி உள்பக்கம் இருப்பது குடும்பத் தலைவரின் இடம், விறகு வைக்கும் பக்கம் கடைசி இடம்.

தீ பயம் இல்லாமல் இல்லை. மேலே சொன்ன ஓதா வீடே 1990இல் தீயில் சேதமாகி, மறுபடி சீரமைத்ததுதான். சிகரெட் பிடிப்பவர்கள் வாசலிலேயே மறந்துவிடுங்கள். உங்கள் சட்டை இரண்டு நாள் புகை மணக்கும், அதற்கும் தயாராகப் போங்கள்.

கேள்வி: ஆணியே இல்லாமல் கட்டியது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா, ரீல் விடுகிறார்களா?

கைகூப்பியது போல் செங்குத்தாக நிற்கும் கஷ்ஷோ வகைக் கூரைகளைத்தான் சொல்லியிருப்பார்கள். கூரைக்கூட்டைப் பொறுத்தவரை உண்மை. இங்கே அப்படி நான்கு வீடுகள் உண்டு: எமுகாய், யமாதா, நொஹாரா, யமாஷிதா. முதல் மூன்றும் தோயாமா மலைப்பகுதியிலிருந்தும், யமாஷிதா வீடு ஷிரகவா-கோ என்ற மலைக்கிராமத்திலிருந்தும் வந்தவை.

கீழே தூணும் விட்டமும் தச்சர் வேலை. மேலே கூரையை எழுப்பியது ஊர்க்காரர்கள். கைமரங்களை வைக்கோல் கயிற்றாலும், மன்சாகு என்ற மரத்தின் பச்சைக் கொப்புகளை முறுக்கியும் கட்டினார்கள். பச்சையாகக் கட்டியது காயக் காய இறுகும். கைமரத்தின் அடி நுனியைப் பென்சில்போல் சீவி, விட்டத்தில் இருக்கும் குழியில் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான். பெருங்காற்றிலும் பனிச்சுமையிலும் கூரை லேசாக அசைந்து கொடுக்கும், முறியாது. மாடிக்கு ஏற அனுமதி இருக்கும் நாளில் போனால் இந்தக் கட்டுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

அந்த உயரம் பனி வழிவதற்கு மட்டுமில்லை. உள்ளே இரண்டு மூன்று தட்டுப் பரண் கிடைக்கும், அதில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே இன்னொரு தொழில்: தோயாமா மலைப்பகுதியான கொகாயாமாவில் அடுப்பைச் சுற்றித் தரைக்கு அடியில் குழி வெட்டி, மண்ணும் செடிகொடியும் பட்டுப்புழு எச்சமும் அடுக்கி, நான்கைந்து வருடம் ஊறவிட்டு வெடியுப்பு எடுத்தார்கள். வெடிமருந்துக்காக அதை வாங்கியது காகா சிற்றரசு. மேலே பட்டு, கீழே வெடியுப்பு, நடுவில் குடும்பம்.

கேள்வி: கூரை எத்தனை வருடம் தாங்கும்? எங்கள் ஊர் தென்னங்கீற்றை அடிக்கடி மாற்றுவோமே.

கீற்றோடு ஒப்பிடவே முடியாது. இங்கே பெரும்பாலும் நாணல் வகைப் புல்லை இரண்டு மூன்று அடி கனத்துக்கு அடுக்குகிறார்கள். மழைத்தண்ணீர் மேல் அடுக்கிலேயே வழிந்துவிடும். ஷிரகவா-கோ கிராமத்தில் அடுப்பு தினமும் எரிந்த காலத்தில் முப்பது நாற்பது வருடம் தாங்கியது. இப்போது அவ்வளவு நீடிப்பதில்லை.

வேய்வது யூயி என்ற கைமாற்று உழைப்பில். இன்று உன் வீட்டுக்கு நான் வந்தால், நாளை என் வீட்டுக்கு நீ வரவேண்டும். யார் எத்தனை கட்டுப் புல், எவ்வளவு கயிறு கொடுத்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்தார்கள். நட்பு வேறு, கணக்கு வேறு.

கேள்வி: எல்லாமே கூரை வீடுகளா?

இல்லை. நுழைந்ததும் வருவது வணிகர், சத்திர வீடுகள்தான். அதில் மிசாவா வீட்டுக்கு மரப்பலகைக் கூரை, மேலே காற்றுக்குப் பறக்காமல் கற்களை வைத்திருப்பார்கள். மியே மாநில மீனவர் ஊரிலிருந்து வந்த 1857ஆம் வருடத்துக் கபுகி மேடை ஒன்றும் உண்டு, சுழலும் தளத்தோடு. தெற்குத் தீவான ஒகினோஎராபுவின் தானியக் களஞ்சியத்தைத் தவறவிடாதீர்கள். எலி ஏறாதபடி வழுவழுப்பான தூண்கள்மேல் ஒரு புல் தொப்பி.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. கைக்குழந்தையும் உண்டு.

யோசிக்கத்தான் வேண்டும். இடமே குன்று, ஏற்றம், படி, சரளைக்கல். தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உயரமான நிலைப்படி, செருப்பைக் கழற்றி ஏறவேண்டும். கழற்ற லகுவான செருப்பும் தடித்த காலுறையும் அவசியம். அம்மாவை மலைப்பகுதி வீடுகள்வரை மெதுவாகக் கூட்டிப்போய் அடுப்படியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மேலே போய்வரலாம். கோடையில் கொசு பிடுங்கும்.

கேள்வி: சைவம் கிடைக்குமா சார்?

யமாஷிதா வீட்டுக்குள்ளேயே சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸ் விற்கும் கடை இருக்கிறது. ஆனால் குழம்பில் உலர்ந்த மீன் சாறு கட்டாயம் இருக்கும். காய்கறி மட்டும் போட்டது என்று சொன்னாலும் சாறு அதேதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உப்பு ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட வெளியே பூங்காவில் இடம் தாராளம்.

கேள்வி: ஷிரகவா-கோவுக்கே போகிறோம். அப்போதும் இது வேண்டுமா?

ஷிரகவா-கோவும் கொகாயாமாவும் 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர்கள். வயல், மலை, வீடு மூன்றும் சேர்ந்திருப்பதை அங்கேதான் பார்க்கமுடியும். கூடவே பேருந்து பேருந்தாகக் கூட்டமும். அங்கே இருப்பது ஒரே வகை வீடு. கவாசாக்கியில் வடக்கு, தெற்கு, மலை, கடலோரம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், பனிக்காலத்தில் ஷிரகவா-கோ, மற்ற மாதங்களில் கவாசாக்கி என்பேன். யோகோஹாமாவில் சான்கெய்-என் தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே உள்ள யனோஹாரா வீட்டையும் பாருங்கள். மிபொரோ அணையில் மூழ்கவிருந்த ஷிரகவா பகுதியிலிருந்து காப்பாற்றியது அது.

கேள்வி: நாங்கள் ஒசாகாவில். அவ்வளவு தூரம் வரமுடியாது.

வரவே வேண்டாம். தொயோனாகாவில் ஹத்தோரி ரியோகுச்சி பூங்காவுக்குள் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. 1956இல் தொடங்கியது, கவாசாக்கிக்கு மூத்தது. பத்துப் பன்னிரண்டு கட்டடங்கள்தான், அதில் ஷிரகவா-கோ வீடு ஒன்று, மியாசாக்கி மாநில மலைப்பகுதியிலிருந்து வந்த நீளமான வீடு ஒன்று. ரியோகுச்சி-கோயென் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். இதற்கும் திங்கள் விடுமுறை.