மாஸ்டரிங்குக்கு எந்த ஃபைல் அனுப்பணும்?

கேள்வி: க்யூபேஸ் மியூசிக் சாஃப்ட்வேர்ல பாட்டு மிக்ஸ் முடிச்சு எம்பி3-யா அனுப்பினேன் சார், மாஸ்டரிங் (பாட்டுக்கு கடைசி மெருகு) பண்றவர் வேணாம்னுட்டாரு. எப்படி எக்ஸ்போர்ட் பண்றது? – வாசகர், மதுரை

பதில்: அவர் சொன்னது சரிதான் தம்பி, எம்பி3-யா சுருக்கும்போது போன சத்தம் திரும்ப வராது. வேவ் ஃபைலா 24 பிட் இல்லேன்னா 32 பிட் ஃப்ளோட்ல எடுங்க, ப்ராஜெக்ட்டோட சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ்னா அதையே வெச்சுக்கோங்க, மாத்தாதீங்க. முக்கியமா மாஸ்டர் சேனல்ல சத்தம் ஏத்துறதுக்குன்னே போட்ட லிமிட்டரை (உச்ச சத்தத்தை எல்லை தாண்டாம பிடிக்கிற ப்ளக்-இன்) கழட்டிடுங்க, பீக், அதாவது உச்ச சத்தம், மைனஸ் 6 டிபி பக்கம் நின்னா நிம்மதி (மாஸ்டர்ல கம்ப்ரஸர், அதாவது சத்த ஏற்ற இறக்கத்தை குறைக்கிற ப்ளக்-இன், போட்டு மிக்ஸோட கலரே அதுதான்னா அது மட்டும் இருக்கட்டும்). நார்மலைஸ் (மொத்த சத்தத்தையும் தானா உச்சத்துக்கு ஏத்துறது) வேணவே வேணாம். அப்புறம் ரைட் லொக்கேட்டரை (எக்ஸ்போர்ட் எங்க முடியணும்னு காட்டுற குறி) கடைசி நோட்டுலயே வெச்சுடாதீங்க, ரிவெர்ப் வால் (கடைசியில மெதுவா அடங்குற எதிரொலி) கத்தரிச்ச மாதிரி நிக்கும், நானே ஒருதடவை அப்படி அனுப்பி அசடு வழிஞ்சிருக்கேன், சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் தள்ளி வைங்க.