பழசா, பழசாக்கப்பட்டதா?

கேள்வி: பழைய மர பொம்மை, முகமூடி, வண்ணம் தீட்டிய பெட்டி என்று நாட்டுப்புறக் கலைப் பொருட்களை வாங்கி வீட்டில் வைக்க ஆசை. ஆனால் எதை எடுத்தாலும் "நூறு வருஷப் பழசு சார்" என்கிறார்கள். நம்புவதா வேண்டாமா?

கதையை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். அரண்மனையிலிருந்து வந்தது, ஜமீன் வீட்டில் இருந்தது என்று அவர் சொல்லி முடிக்கட்டும், அதற்குள் நீங்கள் பொருளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். போலி செய்கிறவர் முகப்புக்குத்தான் மெனக்கெடுவார், அடிப்பக்கத்துக்கு வரும்போது அவருக்கே அலுத்துப்போயிருக்கும்.

முதலில் தேய்மானம். கை படும் இடம், தரையில் உரசும் இடம், மூடி திறந்து மூடும் விளிம்பு, இங்கேதான் பொருள் தேயும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும், விரலே நுழையாத இடுக்கில்கூட வண்ணம் போயிருக்கும். குழந்தை விளையாடிய பொம்மைக்கு மூக்கு தேய்ந்திருந்தால் சரி, அக்குளில் எப்படித் தேயும்?

அடுத்தது மரம். மரம் காய்ந்து சுருங்கும்போது நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாட்டில்தான் சுருங்கும். அதனால் கடைந்து செய்த பழைய தட்டு, கிண்ணம் எல்லாம் காலப்போக்கில் லேசாக நீள்வட்டம் ஆகிவிடும். டேப்பை வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், பழையதில் பெரும்பாலும் கொஞ்சமாவது வித்தியாசம் தெரியும். அப்புறம் ஸ்க்ரூ. தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பெட்டியில் அது இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம், நடுவில் யாராவது பழுது பார்த்திருக்கலாம். பக்கத்தில் பழைய ஆணியின் ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அது பழுது, எங்குமே இல்லையென்றால் பெரும்பாலும் பெட்டி பிறந்ததே அந்த ஸ்க்ரூவோடுதான்.

பூச்சி ஓட்டையை வைத்து ஏமாற்றுவதும் உண்டு, டிரில்லால் போட்டுவிடுவார்கள். மெல்லிய கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். வண்டு நேர்கோட்டில் அரிப்பதில்லை, வளைந்து வளைந்துதான் போகும். கம்பி சர்ரென்று நேராக, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரே ஆழத்துக்கு இறங்கினால் அது மனித வண்டு.

துணி, காகிதம் என்றால் புற ஊதா டார்ச் உதவும். வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் வேதிப்பொருட்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின, அவை இருந்தால் இருட்டில் நீலமாக ஒளிரும். ஆனால் பழைய துணியை இன்றைய சலவைத்தூளில் அலசியிருந்தாலும் அதே மாதிரி ஒளிரும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். கையால் வரைந்தது என்று சொல்லும் படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சடித்தது.

கேள்வி: ஆன்டிக், விண்டேஜ் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. நூறு வருடம் தாண்டியதைத்தான் ஆன்டிக் என்பது பொது வழக்கம், பல நாடுகளின் சுங்கக் கணக்கும் அதுதான். விண்டேஜ் என்பதற்குச் சட்டப்படி ஓர் அளவு கிடையாது, விற்கிறவர் வாய்க்கு வந்த வயது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது, கலை மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டே போதும். கோயில், வழிபாட்டுச் சிலை என்று பேச்சு வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய மரப்பெட்டி ஒரே அழுக்கு. சோப்புத் தண்ணீரில் கழுவலாமா, எண்ணெய் பூசலாமா?

இரண்டும் வேண்டாம். பழைய வண்ணங்களைப் பல இடங்களில் பிசினிலோ வஜ்ஜிரத்திலோ (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) குழைத்துத்தான் பூசினார்கள், தண்ணீர் பட்டால் அழுக்கோடு பூவும் கொடியும் சேர்ந்து வந்துவிடும். எண்ணெய் முதல் வாரம் ஜோராக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துக் கறுத்துப்போகும். மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், அவ்வளவுதான். கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் என்ன? (அருங்காட்சியகங்களில் எச்சில் தொட்ட பஞ்சால் துடைப்பது உண்டு, எச்சிலில் உள்ள நொதி அழுக்கைக் கரைக்கும். பயிற்சி உள்ளவர்கள் செய்வது, நீங்கள் இறங்காதீர்கள்.) வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறதென்றால் குழந்தைகள் கை படாத உயரத்தில் வையுங்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது.

கேள்வி: சுவரில் மாட்டிய முகமூடிக்குக் கீழே மாவு மாதிரி கொட்டிக்கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

அவசரப்படாதீர்கள். வண்டு எப்போதோ அரித்துவிட்டுப் போன பழைய தூளாகவும் இருக்கலாம், மாட்டும்போது ஆடியதில் உதிர்ந்திருக்கும். துடைத்துவிட்டுக் கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். அசைக்காமலேயே சில நாளில் புதிதாகத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. உடனே மற்ற பொருட்களிடமிருந்து அதைப் பிரித்துவிடுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

சின்னப் பொருள், வண்ணப் பூச்சும் அதிகம் இல்லை என்றால் டீப் ஃப்ரீசர் போதும். பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, முழுதாக ஒரு நாள் விட்டு அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்கணும், இல்லாவிட்டால் ஈரம் பொருள்மேல் கோத்துக்கொள்ளும். கனமான வண்ணப் பூச்சு உள்ளதை ஃப்ரீசரில் வைத்தால் பூச்சு வெடிக்கும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஜன்னலுக்கு எதிரே பழைய பூவேலைத் துணியை மாட்டலாமா? பார்க்க அழகாக இருக்கிறது.

கூடாது. போன நிறம் திரும்பாது. வெயில் எட்டாத சுவரில் மாட்டுங்கள், மாட்டாத காலத்தில் மடித்து வைக்காமல் உருளையில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: பட்ஜெட் சின்னது. எதில் ஆரம்பிக்கலாம்?

பழுது பார்த்த பொருளில். உடைந்து ஒட்டியது, ஒட்டுத் துணி போட்டது, ஒரு கால் மாற்றியது, இதையெல்லாம் பெரிய சேகரிப்பாளர்கள் ஒதுக்குவதால் விலை இறங்கியிருக்கும். எனக்கென்னவோ அவைதான் பிடிக்கும், அதைத் தூக்கிப் போட மனசு வராத யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள் அல்லவா? எல்லாவற்றிலும் ஒவ்வொன்று என்று வாங்காமல், ஒரே வகையாக, பெட்டி என்றால் பெட்டி, பொம்மை என்றால் பொம்மை என்று போனால் கண் சீக்கிரம் பழகும். எங்கே, யாரிடம், எப்போது வாங்கினீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டில் எழுதி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் முதுகில் மட்டும் டேப் ஒட்டி எழுதாதீர்கள், பிய்க்கும்போது வண்ணமும் சேர்ந்து வரும்.