கழுத்தில் இருக்கிறது, தொண்டையில் காணோம்!

கேள்வி: என் கணவருக்கு வயது 54. சிகரெட், புகையிலை எதுவும் கிடையாது. நான்கு மாதமாக வலது தாடைக்குக் கீழே வலியில்லாத கட்டி. நெறிகட்டியிருக்கும் என்று இரண்டு முறை மாத்திரை சாப்பிட்டும் கரையவில்லை. ஊசிப் பரிசோதனையில் 'ஸ்குவாமஸ் செல்' புற்றுநோய் என்று வந்தது. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. பெட் ஸ்கேனிலும் அந்தக் கட்டி மட்டும்தான் தெரிகிறது. இப்போது இரண்டு டான்சிலையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். நோயே தெரியாத இடத்தில் எதற்குக் கத்தி வைக்க வேண்டும்? இருட்டில் துழாவுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது, டாக்டர்.
– பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி

பதில்: துழாவுகிறார்கள் என்பது உண்மைதான் அம்மா. ஆனால் எந்த அறையில் துழாவ வேண்டும் என்று தெரிந்தே துழாவுகிறார்கள்.

ஸ்குவாமஸ் செல் என்பது வாய்க்கும் தொண்டைக்கும் உள்பக்கம் போர்த்தியிருக்கும் செல். நெறிக்குள் அதற்கு வேலையே இல்லை. எங்கிருந்தோ வந்து ஒண்டியிருக்கிறது. எங்கிருந்து என்பதை நெறி இருக்கும் இடமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். காறை எலும்புக்கு மேலே என்றால் நுரையீரல், வயிறு வரை தேடுவோம். கழுத்தின் பின்பக்கம் என்றால் மூக்குக்குப் பின்னால் பார்ப்போம். உங்கள் கணவருக்கு வந்திருப்பதுபோல் தாடைக்குக் கீழே என்றால் முதல் சந்தேகம் டான்சில், அடுத்தது அடிநாக்கு.

டான்சிலைப் பலர் வழவழப்பான உருண்டை என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது பொந்து பொந்தாக இருக்கும். கேமராவுக்குத் தெரிவது பொந்தின் வாய் மட்டும். நோய் ஆழத்தில் தொடங்கியிருக்கும். பெட் ஸ்கேனும் கைவிடுவது இங்கேதான். அந்த ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் சர்க்கரை மருந்தை நல்ல டான்சிலும் இழுத்துக்கொண்டு ஒளிரும். சில மில்லிமீட்டர் கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். ஓரத்தில் கிள்ளி எடுத்தாலும் தப்பிவிடும். ஒருவருக்கு முழு டான்சிலையும் எடுத்து மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்த பிறகுதான் அகப்பட்டது: 3 மில்லிமீட்டர்! எப்போதாவது எதிர்ப்பக்க டான்சிலில் ஒளிந்திருப்பதும் உண்டு. அதனால்தான் இரண்டையும் கேட்கிறார்கள்.

டான்சில் எடுக்கக் கொடுக்கும் அதே மயக்கத்தில் அடிநாக்கை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். கேமரா, ஸ்கேன் எல்லாம் வந்த பிறகும் நான் என் சுட்டுவிரலை விடவில்லை. ஈரப் பஞ்சுக்குள் ஒரு மணல் கல் நெருடுவதுபோல் இருக்கும். நெருடினால் அங்கிருந்து சதை எடுப்போம். நெருடாவிட்டாலும், வசதியுள்ள இடங்களில் அடிநாக்கின் மேல்சதையை ரோபோ உதவியோடு சீவி எடுத்துச் சோதிக்கிறார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு தவறு செய்தேன். நாற்பதைத் தாண்டியவர், கழுத்தில் நீர் கோத்த மாதிரி மெத்தென்ற கட்டி. பிறவி நீர்க்கட்டி என்று முடிவு கட்டி அப்படியே வெட்டி எடுத்துவிட்டேன். ஆறாம் நாள் நோய்க்கூறு மருத்துவர் போன் செய்து, "இது நீர்க்கட்டி இல்லை" என்றார். அதே தழும்பில் மறுபடி கழுத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. உங்கள் டாக்டர்கள் முதலில் ஊசி, டான்சிலைத் தொடும் முன்பே ஸ்கேன் என்று போயிருக்கிறார்கள். சரியான வரிசை. வெட்டிய புண்ணும் ஸ்கேனில் ஒளிர்ந்து குழப்பும்.

ஊசியில் எடுத்த சதையில் 'பி16' சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் பாலுறவு வழியாக ஒட்டும் எச்.பி.வி. வைரஸால் வந்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். டான்சில், அடிநாக்கு மேலுள்ள சந்தேகமும் வலுக்கும். புகை பிடிக்காதவருக்கு அப்படி வருவது அபூர்வமில்லை, சிகிச்சைக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு கணவரைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். வைரஸ் எத்தனையோ வருடங்களுக்கு முன்பே ஒட்டியிருக்கலாம். எப்போது, யாரிடமிருந்து என்று எந்தச் சோதனையும் சொல்லாது. இன்னொன்று, தலைமுடியை விலக்கி உச்சந்தலைத் தோலைப் பார்த்தார்களா? சிரிக்காதீர்கள், ஸ்குவாமஸ் செல் தோலிலும் உண்டு; சில சமயம் நோய் தொடங்கிய இடம் அங்கேதான் இருக்கும்.

இத்தனை பாடு எதற்கு என்றால், இடம் தெரியாவிட்டால் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போது தொண்டையில் சந்தேகப்படும் இடங்களையெல்லாம் சேர்த்துச் சுட வேண்டிவரும். எச்சில் வற்றும், விழுங்குவது சிரமமாகும். இடம் தெரிந்தால் அந்தப் பரப்பைச் சுருக்கலாம். கடைசிவரை கிடைக்காமலே போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் கழுத்து ஆபரேஷன், கதிர்வீச்சு என்று குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை நடக்கிறது. தேடுகிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

டான்சில் எடுத்தால் பெரியவர்களுக்கு இரண்டு வாரம் நன்றாகவே வலிக்கும், காதுவரை இழுக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை கவனமாக இருங்கள். எச்சிலில் புது ரத்தம் வந்தால், நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.